தண்ணீர் தாங்கிய ரத்தம்

எனக்கு ரத்த சோகை என்று எங்கள் தெருவே சேர்ந்து முடிவு கட்டிவிட்டது. திருத்தணி மலைப்படிகளில் பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கும். போதாக்குறைக்குப் பலப்பம் தின்கிற பழக்கம் வேறு. டாக்டர் மட்டும்தான் நம்பவில்லை. கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். ரத்தம் கம்மியா இருந்தா இந்த ஆடிக் கிருத்திகைக்குக் காவடி கெடையாது" என்று என்னையும் அம்மாவையும் நைனாவையும் பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

காவடி எடுத்து, கன்னத்தில் வேலும் குத்திக்கொள்ளப்போவதாகப் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்த வீரன் நான். அந்த வீரன், ரத்தம் எடுப்பவர் கையில் குண்டூசி அளவுக்கு ஓர் ஊசியைப் பார்த்ததும் பெஞ்சுக்கு அடியில் புகுந்து அதன் காலைக் கட்டிக்கொண்டான்.

"வெளிய வாடா, மானத்த வாங்காத" என்றார் நைனா.

"இருங்க" என்றாள் அம்மா. "மொதல்ல எனக்குக் குத்துங்க சார். வலிக்காதுன்னு அவன் பாக்கட்டும்."

"இது இன்னாம்மா, வளையல் கடையா? ஆளாளுக்குக் கைய நீட்டிகினு!" என்று முணுமுணுத்தபடி அவர் அம்மாவின் விரலில் குத்தினார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் கொஞ்சம் தைரியமாகித் தலையை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து அவர் மெல்லிய கண்ணாடிக் குழலை அம்மாவின் விரலில் வைத்து, அதன் ரப்பர் முனையை வாயில் கவ்வி உறிஞ்சினார்.

"நைனா! அம்மா ரத்தத்தக் குடிக்கிறாரு!"

"டேய், காபி குடிச்சிட்டுதாண்டா வந்தேன்!"

அப்புறம் இரண்டு பேர் என்னை இழுத்து வைத்துப் பிடித்தார்கள். ஊசி இறங்கியது எனக்குத் தெரியவே இல்லை. முன்கூட்டியே அழுது தீர்த்துவிட்டதால், குத்தின பிறகு என்ன செய்வதென்றுதான் விளங்கவில்லை.

அமிலம் இருந்த இரண்டு கண்ணாடிக் குழாய்களில் எங்கள் ரத்தம் விடப்பட்டு, சற்று நேரத்தில் காபி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது. என் குழாயைப் பழுப்புக் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே செருகி, அவர் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட ஆரம்பித்தார்.

அங்கேதான் வந்தது வினை. நைனா நூலுக்குச் சாயம் போடுகிறவர். சாயத் தொட்டியில் ஒரு செம்புத் தண்ணீர் கூடினாலே ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

"இன்னா சார் பண்றீங்க? கெட்டியா இருந்தத தண்ணி ஊத்தி வெளுக்க வெச்சிட்டு, அப்பால ரத்தம் இல்லன்னு சொல்லுவீங்களா?"

அவர் நைனாவை முறைத்தார். "யோவ், இந்தக் கண்ணாடி கலர் வர்ற வரைக்கும்தான்யா ஊத்துவேன். நல்ல ரத்தம்னா நெறைய தண்ணி தாங்கும். சோகைன்னா கொஞ்சத்துலயே வெளுத்துடும். புரியுதா?"

"ஆங்" என்ற நைனா உடனே கட்சி மாறினார். "ஊத்துங்க சார், ஊத்துங்க. இன்னும் ஒரு சொட்டு தாங்கும். வெளிச்சத்துல புடிச்சிப் பாருங்க."

தண்ணீர் குழாயின் கழுத்துவரை ஏறிற்று. "கொஞ்சம்தான் கம்மி. பூச்சி மருந்து குடுங்க, பலப்பத்தப் புடுங்கிப் போடுங்க. காவடி எடுக்கலாம்" என்றார் அவர். நான் குதித்தேன்.

அம்மாவின் குழாயைக் கழுவ எடுத்தார். நைனாவுக்கு மனசு வரவில்லை. "எடுத்தத ஏன் சார் கீழ ஊத்தணும்? அதையும் பாத்துடுங்களேன்."

தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக அவர் அதையும் செருகினார். சில சொட்டுகள் விட்டார். நிறுத்தினார். ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நைனா 'இன்னும் ஊத்துங்க' என்று சொல்லவில்லை.

"டாக்டரப் பாத்துட்டுப் போங்கம்மா" என்றார் அவர். அன்று அவர் குரலில் எரிச்சல் இல்லாமல் வந்த ஒரே பேச்சு அதுதான்.

எனக்கோ விஷயம் தெளிவாக இருந்தது. என் குழாயில் கழுத்துவரை தண்ணீர். அம்மாவுடையதில் பாதிகூட இல்லை. "நான் அம்மாவ ஜெயிச்சிட்டேன்!" என்று கடைத்தெரு முழுக்கக் கூவிக்கொண்டே வந்தேன். "ஆங், எம்புள்ள ஜெயிச்சிட்டான்" என்று அம்மாவும் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

எப்போதும் எங்களை விட்டுவிட்டு முன்னால் போய்விடுகிற நைனா, அன்று அம்மா நின்ற இடத்திலெல்லாம் தானும் நின்று, அவள் நடந்த பிறகே நடந்தார். இந்த லட்சணத்தில் நடந்தால் எப்போது வீடு போய்ச் சேருவது என்று எனக்கு ஒரே எரிச்சல்.