லேட் என்று எழுதி வந்த பெட்டி

வில்லியனூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பலகை மாட்டியிருக்கும். வண்டி நேரத்துக்கு வராவிட்டால் அதில் சாக்குக்கட்டியால் எழுதிவைப்பார்கள். ஊர் பிரெஞ்சுக்காரனுடையது, தண்டவாளம் இங்கிலீஷ்காரன் கம்பெனியுடையது. எங்கள் பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்து கண்ணில் படும் இடம் அந்த ஸ்டேஷன் ஒன்றுதான். நான் கொம்யூன் அலுவலகத்தில், நாங்கள் மேரி என்று சொல்லும் இடத்தில், பிறப்பு இறப்புப் பதிவேடுகளை எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரியும். இங்கிலீஷ் தெரியாது.

இரண்டாவது யுத்தம் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு என் அக்காவின் கணவர் ரங்கூனுக்குப் புறப்பட்டார். அங்கே ஓர் அரிசி ஆலையில் வேலை. வழியனுப்ப அக்காவும் அவளுடைய சின்ன மகளும் நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். அன்று வண்டி நேரத்துக்கு வரவில்லை. மாமா ஏற்கெனவே இரண்டு வருடம் ஆலையில் இருந்து வந்தவர், நாலைந்து இங்கிலீஷ் வார்த்தை அறிந்தவர். பலகையைக் காட்டி அக்காவிடம் சொன்னார்:

"இந்த நாலு எழுத்த நல்லாப் பாத்துக்கோ. லேட்டுன்னு போட்டிருக்கு. நான் திரும்பி வர்ற அன்னிக்கு நீ வந்து, இது இருந்திச்சின்னா பதறக் கூடாது. ஆளு வந்துகினு இருக்கான்னு அர்த்தம். உட்காந்துக்கினு இரு."

அக்காவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டத் தெரியாது. ஆனால் அந்த நான்கு எழுத்துகளையும் அவள் கோலத்தைப் பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டாள். மாமா தன் டிரங்குப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்து, பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். குளிக்கும்போதும் அந்தச் சாவியை அவர் அவிழ்ப்பதில்லை. பெட்டியில இருக்கிறது ரெண்டு வேட்டி, அதுக்கு இந்தக் காவலா என்று அக்கா கேலி செய்தாள்.

முதலில் மாதாமாதம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. யாரோ எழுதிக் கொடுத்தது, கீழே அவருடைய கைநாட்டு இருக்கும். பிறகு ஒரு மழைக்காலத்தில் நின்றுபோனது. மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, பார்சலில் பெட்டி வந்திருப்பதாகச் சொன்னான். மாட்டுவண்டி பிடித்துக்கொண்டுபோய் எடுத்துவந்தோம். அதே டிரங்குப் பெட்டி. அதே பூட்டு, பூட்டியபடி இருந்தது. மூடியின் மேல் பழுப்புக் காகிதம் ஒட்டி, ஊதா மையில் இரண்டு வரி எழுதியிருந்தார்கள். இரண்டாவது வரியில் ஊர்ப் பெயர். முதல் வரியில் மாமாவின் பெயர், அதற்கு முன்னால் இன்னொரு சொல்.

அந்தச் சொல்லை நான் பிரெஞ்சு முறைப்படி "லாத்" என்று வாசித்தேன். அப்படி ஒரு பட்டத்தை நான் கேள்விப்பட்டதில்லை. அக்கா குனிந்து விரலை வைத்துப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை நான் நேரில் பார்த்தேன்.

"இது லேட்டுடா. பலகையில இருந்ததே, அதான். பெட்டி முன்னால வந்திடுச்சி, அவரு பின்னால வந்துகினு இருக்காரு."

யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. எனக்கும்தான். கப்பலில் இடம் கிடைக்காமல் சாமான்களை முன்னால் அனுப்புவது உண்டு என்று ரங்கூன் போய்வந்தவர்கள் சொன்னார்கள். அக்காவின் ஓரகத்திக்கு மட்டும் வேறு எண்ணம். பெயருக்கு முன்னால் போட்டிருப்பதால் அது உத்தியோகம்தான் என்றாள். "உன் வூட்டுக்காரர வெள்ளைக்காரன் மேஸ்திரி ஆக்கிட்டான்டி. இனிமே நாங்கள்லாம் உன்ன லேட்டம்மான்னுதான் கூப்பிடணும்" என்று சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். சில நாள் அந்தப் பெயர் தெருவில் நிலைத்தது.

பெட்டி கூடத்து மூலையில் இருந்தது. பூட்டை உடைத்துப் பார்க்கலாமா என்று கேட்டவர்களிடம், சாவிக்காரர் வரட்டும் என்று சொல்லிவிட்டாள்.

ஓரகத்தியின் பேச்சுதான் என்னை உறுத்தியது. பெயருக்கு முன்னால் என்று அவள் சொன்னது சரி. தாமதம் என்பதை ஒருவர் பெயருக்கு முன்னால் எதற்காக எழுத வேண்டும்? அடுத்த முறை அலுவல் காரியமாகப் புதுச்சேரிக்குப் போனபோது, இங்கிலீஷ்காரன் பக்கத்துக் கடலூர் வழக்குகளையும் நடத்தும் ஒரு வக்கீலின் அலுவலகத்தில் இங்கிலீஷ்-பிரெஞ்சு அகராதி இருப்பது தெரிந்து, போய்க் கேட்டேன். சொல் உடனே கிடைத்தது. முதலில் தாமதம், காலங்கடந்து என்ற பொருள்கள். அவற்றுக்குக் கீழே, ஒருவர் பெயருக்கு முன்னால் வரும்போது என்று குறிப்பிட்டு, ஒரே ஒரு பிரெஞ்சுச் சொல்: ஃபெ.

அந்தச் சொல்லை நான் தினமும் எழுதிக்கொண்டிருந்தேன். இன்னாருடைய மகன் என்று பதியும்போது, தகப்பன் இறந்திருந்தால் பெயருக்கு முன்னால் ஃபெ என்று போடவேண்டும். ஃபெ என்றால் பிரெஞ்சில் நெருப்பும்கூட. எரிக்கப்பட்டவர் என்பதால் அப்படி எழுதுகிறார்கள் என்றே நானும் மேரியில் இருந்த மற்றக் குமாஸ்தாக்களும் நினைத்திருந்தோம். புதைக்கப்படும் கிறிஸ்தவர்களுக்கும் அதையே போடுகிறோமே என்று சில சமயம் தோன்றும், கேட்டதில்லை. அன்று அதே அலமாரியிலிருந்த பெரிய பிரெஞ்சு அகராதியையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு சொற்கள், எழுத்து மட்டும்தான் ஒன்று. இறந்தவரைக் குறிப்பது, தன் விதியை முடித்துக்கொண்டவர் என்று பொருள்படும் பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நெருப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வக்கீலின் குமாஸ்தாவைக் கொண்டு ஆலைக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டு ஊர் திரும்பினேன். அதற்குப் பதில் வரவேயில்லை.

அக்காவிடம் அன்று மாலையே சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தமா?"

"ஆமாக்கா."

"எத மொதல்ல போட்டிருக்கான்?"

"தாமதம்னுதான். ஆனா பேருக்கு முன்னால வந்தா ரெண்டாவதுன்னு போட்டிருக்கு."

இன்னொரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, பலகையில் அந்தச் சொல் வண்டியின் பெயருக்கு முன்னால் இருந்ததா பின்னால் இருந்ததா என்று கேட்டாள். எனக்கு நினைவில்லை. மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி நேரத்துக்கு வந்துவிட்டதால் பலகை வெறுமையாக இருந்தது. விடாமல் போய்வந்து, வண்டி தாமதமான ஒரு நாளில் பார்த்தேன். முதலில் வண்டி, அதற்குப் பின்னால்தான் அந்தச் சொல். திரும்பி வந்து வாசலில் நின்ற என்னைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்கு முன்பு சொன்னாள்:

"சாவி அவருகிட்ட இருக்குது. அதுக்கு மேல என்கிட்ட எதுவும் பேசாத."

பிறகும் அவள் பொட்டு வைத்துக்கொண்டாள், வெள்ளிக்கிழமை பூ வைத்துக்கொண்டாள். லேட்டம்மா என்று யாராவது கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

இங்கிலீஷை நான் பின்னாளில் கொஞ்சம் கற்றேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தொடங்கினேன் என்று சொல்லலாம். மிகப் பழங்காலத்தில் அதற்கு மந்தமான, களைத்த என்றே பொருளாம். களைத்தவன் பின்தங்குவான், அதனால் தாமதம். எல்லோருக்கும் பின்னால் வருவது எதுவோ அதுவே லாஸ்ட், கடைசி. களைத்தவனைப் பிரெஞ்சில் லா என்போம், அதுவும் இந்தச் சொல்லுக்குத் தூரத்து உறவு. சமீபத்தில் நம்மோடு இருந்தவர் என்ற பொருளில் ஆரம்பித்து, இறந்தவரைக் குறிக்க வந்துவிட்டது. தமிழில் நாமும் காலஞ்சென்றவர் என்கிறோம். காலம் தாழ்ந்தவருக்கும் காலம் சென்றவருக்கும் நடுவில் அதிக தூரமில்லை. அக்கா அந்த இடத்தில்தான் இருந்தாள்.

தை அறுவடை நடந்துகொண்டிருந்தபோது திருக்காஞ்சிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மாமாவோடு ஆலையில் மூட்டை தூக்கியவர். வாசலில் நின்று, உட்காரச் சொல்லியும் உட்காராமல், மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்தார். அறுந்த அரைஞாண் கயிறு, அதில் சாவி.

அக்கா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அவராகத்தான் சொன்னார். காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே முடிந்துவிட்டது. தனக்கு எழுதத் தெரியாது. வீட்டுக்குச் சொல்லியாயிற்றா என்று ஆலை ஆபீசில் விசாரித்தபோது, பெட்டி மேலேயே எழுதி அனுப்பிவிட்டோம் என்றார்களாம்.

"எழுதிதான் இருந்திச்சி," என்றாள் அக்கா. பிறகு, "கொள்ளி யாரு வச்சது?" என்று கேட்டாள்.

"நாந்தாம்மா வச்சேன். நம்ம ஊருக்காரங்க நாலு பேரு இருந்தோம். எல்லாம் மொறையா செஞ்சோம்."

அப்போதுதான் அவள் தரையில் உட்கார்ந்தாள். ஓரகத்தி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். பெட்டியைக் காரியம் முடிந்த பிறகு அக்காவே திறந்தாள். இரண்டு வேட்டி, ஒரு போர்வை, அடியில் அவளுக்கென்று வாங்கிய பர்மாக் குடை ஒன்று.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழித்து அவளுடைய ஒரே மகளின் கல்யாணத்தை மேரியில் பதிந்தோம். பதிவேட்டில் எழுதியவன் நான். மணப்பெண் இன்னாருடைய மகள் என்ற இடத்தில் மாமாவின் பெயரை எழுதினேன். கைநாட்டு வைக்க வந்த அக்கா பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்து தெரியாவிட்டாலும் கணவருடைய பெயரின் உருவம் அவளுக்குத் தெரியும். ஊதா மையில் பல நாள் பார்த்தது.

"பேருக்கு முன்னால சின்னதா என்னமோ போட்டிருக்கியே. லேட்டா?"

"இல்லக்கா. இது பிரெஞ்சு. ஃபெ."

"இதுக்கும் ரெண்டு அர்த்தம் இருக்குதா?"

"இருக்குது. நெருப்புன்னு ஒண்ணு."

அவள் மைப்பெட்டியில் விரலைத் தோய்த்தாள்.

"அப்ப இது சரி. நெருப்பு அவருக்குக் கெடச்சிது" என்று சொல்லிவிட்டு, நான் காட்டிய இடத்தில் அழுத்தி வைத்தாள்.