மலை இல்லாத சாயங்காலம்

எங்கள் வீட்டில் சாயங்காலச் சாப்பாட்டுக்குக் கடிகாரம் பார்ப்பதில்லை. ராஜகிரியைப் பார்ப்போம். சூரியன் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்கியதும் நைனா கை கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். நாங்கள் சமணர்கள், பொழுது போன பிறகு வாயில் எதுவும் படக்கூடாது. ஆனால் செஞ்சியில் சூரியன் மலைக்குப் பின்னால் போவது வேறு, பொழுது போவது வேறு. மலை மறைத்த பிறகும் வெளிச்சம் நெடுநேரம் நிற்கும். அதற்குள் குழம்பு, ரசம், மோர் எல்லாம் ஆகி, மண்டியில் அன்று நடந்த சண்டையையும் நைனா சொல்லி முடித்துவிடுவார். இதில் ஒருநாளும் பிசகு வந்ததில்லை. அதனால் யாரும் இதைப் பற்றி யோசித்ததும் இல்லை.

கடலை மண்டியில் நைனாவுக்குப் பிறகு உட்கார வேண்டியவன் என் தம்பி. அவன் கடலுக்குப் போய்விட்டான். ஏரியில் கால் நனைத்து வளர்ந்தவனுக்கு அந்தப் பைத்தியம் எங்கே பிடித்ததோ. முதலில் சரக்குக் கப்பல், அப்புறம் அந்தமானில் ஒரு பணக்காரரின் பாய்மரப் படகுக்குக் கேப்டன். கப்பலில் மீன் சாப்பிட்டான். சாப்பிட்டதை மறைக்கவும் இல்லை, அதுதான் அவன் செய்த பிழைக்கத் தெரியாத வேலை. நைனா திட்டவில்லை. அவன் கையால் எதையும் வாங்கிச் சாப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். லீவில் வரும்போது அவன் ஆரஞ்சு உரித்துக் கொடுப்பான். "அங்க வை" என்பார். அது அங்கேயே காயும். மற்றபடி பேச்சுக்குக் குறைவில்லை. காற்று எப்படி, சம்பளம் எப்படி என்று எல்லாம் கேட்பார். திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை என்று எனக்கு எரிச்சலாக வரும்.

படகு சும்மா நிற்கிற ஒரு சமயத்தில், குடும்பத்தை அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டு என்று முதலாளி சொல்லியிருக்கிறார். தம்பி எனக்குப் போன் போட்டான்.

"நைனாவ கூட்டினு வாக்கா. நான் மீன வுட்டு ரொம்ப நாளாச்சு. பாத்திரம்லாம் புதுசா வாங்கிட்டேன். என் கையால ஒரு வேளை சாப்ட்டா போதும்."

நைனாவிடம் சொன்னேன். கடலையை உள்ளங்கையில் தேய்த்துத் தோலை ஊதிக்கொண்டே இருந்தார். "ஆடற போட்டுல எனக்கு எறங்காது. பகல்ல நம்ம அவலே போதும். சாயந்தரம் நின்ன எடத்துல அவன் போடட்டும், சாப்புடறேன்" என்றார். நான் உள்ளே போய், வேலை இருப்பதுபோல் பாத்திரத்தை உருட்டினேன்.

என் வீட்டுக்காரர் வரவில்லை. கிணற்றுக்கு மேல் தண்ணீரை நம்பாத மனிதர் அவர். தம்பியோடு பள்ளியில் படித்த நண்பர் ஒருவர் சேர்ந்துகொண்டார். திண்டிவனம் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறவர், கிறிஸ்தவர். மீன் வறுவல் கனவோடு ஏறினார். படகில் மீனே கிடையாது என்று தம்பி சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "சுத்தி அவ்ளோ மீனு ஓடுது, என் தட்டுல அவரக்காயா?" என்று இறங்குகிற வரை புலம்பிக்கொண்டிருந்தார்.

பாயை ஏற்றியதும் எஞ்சினை நிறுத்தினான். திடீரென்று சத்தம் நின்று, தண்ணீர் உரசுவது மட்டும் கேட்டது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. ஒவ்வொரு தீவாக வந்தது: கரைவரை காடு, அதன் காலடியில் வெள்ளை மணல், ஆளே இல்லை. நைனா கயிற்றைப் பிடித்தபடி கேள்வி மேல் கேள்வி கேட்டார். இந்தக் கயிறு எதற்கு, அந்தப் பாய் எத்தனை முழம், காற்று மாறினால் என்ன செய்வாய். தம்பி அவர் கையில் சுக்கானைக் கொடுத்துப் பின்னால் நின்றான். மண்டி முதலாளி படகோட்டினார். எங்கள் குடும்பத்தில் நான் பார்த்த நல்ல நாள் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அன்று வெயில் இருக்கும்போதே மேற்கே பார்த்த ஒரு விரிகுடாவில் நங்கூரம் போட்டாயிற்று. தம்பி உள்ளே அவரைக்காய்க் கூட்டும் ரசமும் வைத்தான். வாசனை மேலே வந்தது.

"பொழுது எங்க இருக்குதுக்கா?" என்று உள்ளிருந்து கேட்டான்.

"மேலதான் இருக்குது."

"எறங்கட்டும், எறங்கட்டும். சூடா போடு" என்றார் நைனா.

ஆயுசு பூராவும் சூரியன் இறங்கிய பிறகு உட்கார்ந்தே பழகியவர் அவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் நாங்கள். சூரியன் தண்ணீரைத் தொட்டதும் அவர் சாவகாசமாகக் கை கழுவினார். நான் தட்டை வைத்தேன். தம்பி புதுக் கரண்டியோடு மேலே வந்தான். அதற்குள் சூரியன் இல்லை. மலைக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்ல அங்கே மலை ஏது? எங்கள் மூவர் கண்ணெதிரில் முழுசாக முழுகிப் போயிருந்தது. மூன்று பேரும் மேற்கே பார்த்தபடி நின்றோம்.

"இன்னா மாமா, கரண்டு போன மாரி பொசுக்குனு போயிட்டுது!" என்றார் நண்பர்.

நைனா சிரித்துவிட்டார். "நாளைக்கு இருக்குது இல்ல" என்று தட்டைத் தள்ளி வைத்தார். தம்பியும் சிரித்தான், நானும் சிரித்தேன்.

மறுநாள் தம்பி உஷாராகத்தான் இருந்தான். அடுத்த தீவுக்குப் போகிற வழியிலேயே, சுக்கானை நண்பரிடம் கொடுத்துவிட்டுச் சமைத்து மூடி வைத்தான். ஆனால் காற்று செத்துவிட்டது. எஞ்சினைப் போட்டுப் பவளப்பாறைகளுக்கு நடுவே ஊர்ந்து போய்ச் சேரும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. நங்கூரம் பிடிக்கவில்லை. போட்டால் இழுத்துக்கொண்டு வந்தது. மறுபடி தூக்கினான், மறுபடி போட்டான். படகு பாறைப் பக்கம் நகர்ந்தது. அவன் அந்த இடத்தை விட்டு அசைய முடியாது.

"நீ போடுக்கா! பொழுது போவுது, நீயே போடு!" என்று முன்பக்கத்திலிருந்து கத்தினான்.

நான் மூடியைத் திறந்தேன். நைனா தட்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். "அவன் வரட்டும்" என்றார்.

அவன் வந்தபோது உடம்பெல்லாம் தண்ணீர், உள்ளங்கை சங்கிலி பட்டுக் கிழிந்திருந்தது. சூரியன் போய்விட்டது. வானத்தில் கொஞ்சம் சிவப்பு மட்டும் இருந்தது. நைனா தட்டை எடுத்து அவன் முன்னால் நீட்டினார்.

"போடுடா."

"பொழுது போயிட்டுது நைனா."

"எனக்கும் கண்ணு இருக்குது. போடு."

தம்பி கரண்டியைச் சோற்றில் விட்டான். அப்படியே நின்றான். பிறகு வெளியே எடுத்துப் பாத்திரத்தை மூடினான்.

"வேணாம் நைனா. எனக்கோசரம் நீ வுட வேணாம்."

நைனா தட்டை உடனே கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தார். அப்புறம் என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தார். தம்பி எவ்வளவு பெரிய மனசுக்காரன் என்று நான் அப்போது பெருமைப்பட்டேன். நண்பர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் விடியும்போதே கடல் பொங்கத் தொடங்கியது. திரும்புகிற வழியெல்லாம் நைனா வாந்தி எடுத்தார், வாயில் தண்ணீர்கூட நிற்கவில்லை. அப்படியே விமானம் ஏறி ஊர் வந்து சேர்ந்தோம்.

ஊருக்கு வந்த சில நாளில் மண்டிக்கு அவருக்கு மோர் கொண்டுபோனேன். மூட்டை தைத்துக்கொண்டிருந்தவரிடம் நைனா சொல்லிக்கொண்டிருந்தார்: "பையன் கையால சாப்ட்டேன்பா. அவரக்கா கூட்டு. உப்புதான் கொஞ்சம் கம்மி." தராசில் ஒரு கடலைகூட முன்னே பின்னே விடாத மனிதர். விரதத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்து வாய் கூசாமல் பொய் சொல்கிறார். நான் மோரை வைத்துவிட்டுத் திரும்பினேன். தம்பி அடுத்த லீவுக்கு வரும்போது இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். போனில் சொல்லி வீணாக்கக் கூடாது என்று நினைத்தேன்.

அடுத்த முறை அவன் வந்தது நைனாவின் சாவுக்கு. தூக்கத்திலேயே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த அன்று, மூட்டை தைக்கிறவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் கூட்டப் பத்திப் பேசாத நாளே இல்லப்பா. உப்பு கம்மின்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு" என்றார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் இறங்கியது. பங்காளி வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருந்தது. தட்டை வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன். அவன் வாசலிலேயே நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்ளோ நேரம் வெளிச்சம் நிக்குது பாருக்கா" என்றான். பிறகு, "ஒரு கரண்டி போட்டிருக்கலாம் இல்லக்கா?" என்று கேட்டான்.

நீ செய்ததுதான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் அவன் என்னிடம் கேட்டான்.

"போட்டிருக்கலாம்டா" என்றேன்.