ஸ்டெலா அக்கா ஆறவிட்ட தேநீர்

ஸ்டெலா அக்கா இறந்த செய்தியை எனக்கு முதலில் சொன்னது அவருடைய வீட்டார் அல்ல. ஜெர்மனியின் ஹம் நகர ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். அக்காவின் பொறுப்பில் இருந்த ஒரு முதியவரின் மகன் அழைத்தார். எப்போதோ என் எண்ணை வாங்கி வைத்திருந்தவர். "அக்கா போயிட்டா, தெரியுமோ? இண்டைக்கு விடியத்தான்." நான் வாய் திறப்பதற்குள், "இனி ஒருத்தரும் எங்கட வீட்டுக்கு வரத் தேவையில்லை எல்லோ?" என்றார். அந்தக் குரலில் துக்கம் இருக்கவில்லை.

அக்காவை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர். தங்கள் காரியங்களைத் தாங்களே பார்க்க இயலாத முதியவர்களுக்கு நீதிமன்றம் நியமிக்கும் பொறுப்பாளராக இருந்தார். நான் மொழிபெயர்ப்பாளன். நீதிபதியோ மருத்துவரோ வரும் நாட்களில் அந்த வீடுகளுக்கு நானும் போவேன். இங்கே பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

நம்மவர்கள் அவரைக் "குடும்பம் பிரிக்கிறவ" என்றார்கள். வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாதாம். அதே வாய்கள்தான் அடக்கத்தன்று "தெய்வம் மாதிரி மனுசி" என்றன. அந்த இடத்தில் நிற்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வயதான அம்மாவின் வீட்டில் மருமகள் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அக்கா கோப்பையைத் தொடவில்லை. "சுடுகுது பிள்ளை, ஆறட்டும்" என்றார். மருத்துவரின் கேள்விகள் முடிந்து அவர் போய்விட்டார். தேநீரில் ஆடை படிந்தது. அக்கா ஊர்க்கதை பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் மகன் வேலைக்குப் போனார், மருமகள் அடுப்பைப் பார்க்கப் போனார். அப்போதுதான் அதுவரை பேசாமல் இருந்த அந்த அம்மா தன் சட்டைக் கையை மேலே தள்ளி மணிக்கட்டைக் காட்டினார். படியிறங்கும்போது அக்கா என்னைச் சீண்டினார். "பார்த்தீங்களோ, மொழிபெயர்ப்பாளர் ஐயா? தேத்தண்ணி குடிச்சு முடிக்காத ஆளை எழும்பிப் போ எண்டு எந்தத் தமிழ் வீடும் சொல்லாது." அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டி வைத்த தடம் அப்படியே கண்ணில் நின்றது.

என்னை அழைத்தவரின் தந்தையைச் சின்னத்துரை ஐயா என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் வேலைக்குப் போன பிறகு உள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுகிற சத்தம் கேட்பதாகக் கீழ்வீட்டு ஜெர்மன்காரி புகார் கொடுத்திருந்தார். அதன்பிறகே நீதிமன்றம் அக்காவை நியமித்தது. மருத்துவரோடு நாங்கள் போன அன்று ஐயாவின் அறைச் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, கதவின் வெளிப்புறத்தில் தொங்கியது. "அப்பான்ர கதை உங்களுக்கு விளங்காது, நானே ஜெர்மனில சொல்லுறன்" என்று மகன் முன்னே வந்தார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "ஏலாது தம்பி. கேள்வியே உங்களைப் பற்றித்தான். நீங்களே எப்பிடிப் பதில் சொல்லுவீங்கள்?" திறப்பைக் கழற்றி ஐயாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டு வந்தார்.

வெளியே வந்ததும் சொன்னார்: "இஞ்சை சட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அது மணியடிச்சிட்டு வாசலிலயே நிக்கும். ஆராவது உள்ளுக்குப் போய் இருக்க வேணும்."

பனிக்காலத்தில் அக்கா நோயில் விழுந்தார். அவருக்குப் பதிலாக ஆள் நியமிப்பது இழுபட்டுக்கொண்டே போனது. அந்த இடைவெளியில், தானே தந்தைக்குப் பொறுப்பாளராகிறேன் என்று மகன் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தார். அது கிடைத்துவிட்டால் பிறகு அந்தக் கதவைத் தட்ட ஆளிருக்காது. மருத்துவமனையில் அக்கா தன் வலியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "திறப்பு இப்ப ஆரின்ர கையில?" என்றுதான் கேட்டார்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் நீதிபதி ஐயாவை விசாரிக்க வீட்டுக்கு வந்தார். திறப்பு மறுபடியும் வெளிப்புறத்தில் தொங்கியது. மகனை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினோம். என் முன்னால் தேநீர் இருந்தது.

"உங்கள் காரியங்களை யார் பார்க்க வேண்டும்?" என்று நீதிபதி கேட்டதைத் தமிழில் சொன்னேன்.

"மகன் பார்க்கட்டும்," என்றார் ஐயா, கதவைப் பார்த்தபடி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "வேற ஆர் இருக்கினம்? ஸ்டெலாப் பிள்ளையும் பனி கொட்டேக்கையே செத்துப்போட்டுது எல்லோ. மகன் சொன்னவன்."

அதை அப்படியே ஜெர்மன் மொழியில் சொன்னேன். நீதிபதியின் பேனா நின்றது. வெளியே மரங்கள் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. அக்காவைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை. பனி கொட்டியபோது அவர் உயிரோடு, இந்த மனிதரின் திறப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டு கிடந்தார். இந்த மனிதரோ இனி யாரும் வரமாட்டார்கள் என்று நம்பிக்கொண்டு, கோடை முழுவதும் அந்த அறைக்குள் இருந்திருக்கிறார்.

நீதிபதி கேள்வியை முதலிலிருந்து கேட்கத் தொடங்கினார். அப்போது கதவு தட்டப்பட்டது. அடியில் இரண்டு கால்களின் நிழல் தெரிந்தது. அது வெகுநேரமாக அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

"தேத்தண்ணி குடிச்சு முடிஞ்சுதோ?" என்று மகனின் குரல் கேட்டது.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு சின்னப் பொய்தான். ஆடை படிந்து குளிர்ந்துபோயிருந்த கோப்பையை எனக்குக் கிட்டவாக இழுத்து வைத்துக்கொண்டேன்.

"இல்லைத் தம்பி," என்றேன். "சுடுகுது. ஆறட்டும்."