நாந்திலிருந்து எவ்வளவு தூரம்

கணவர் வேலையிடத்திலிருந்து ஓர் இணைப்பு அனுப்பியிருந்தார். ஐரோப்பாவில் உள்ள கரவன் பார்க்குகள், சக்கர வீடுகளில் தங்கி விடுமுறை கழிக்கும் இடங்கள், பகுதி பகுதியாக. கீழே ஒரு வரி: "எந்தப் பக்கம் எண்டு நீரே முடிவெடும்." திறந்து பார்த்தேன், மூடினேன். உங்களுக்கு எது விருப்பம் என்று திருப்பிக் கேட்டேன். எதுவென்றாலும் சரி என்றார். மகள் மதியத் தூக்கத்தில் இருந்தாள். அவளுக்கு எது விருப்பமாயிருக்கும் என்று யோசித்துக்கொண்டு, ஆறிப்போன தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மற்றவர்களுக்கு எது விருப்பம் என்றுதான் நான் முதலில் தேடுவேன். அது எப்போது தொடங்கியது என்று கேட்டால், ஒரு கோடை விடுமுறையைத்தான் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஹவுன்ஸ்லோவில், விமானங்கள் தரையிறங்கும் பாதைக்கு நேர் கீழே எங்கள் வீடு. பிளேன் வரும்போது பேசிக்கொண்டிருப்பவர் பாதியில் நிறுத்துவார். மற்றவர் காத்திருப்பார். சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சுத் தொடரும். உலகத்தில் எல்லா வீடுகளிலும் இப்படித்தான் பேசுவார்கள் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். நான் ஒற்றைப் பிள்ளை. அப்பாவுக்கு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் ஷிப்ட் வேலை. அம்மாவுக்கு வீடும் நானும். ஆகவே பாதியில் நிறுத்துமளவுக்கு எங்கள் வீட்டில் பேச்சு அதிகம் இருந்ததுமில்லை.

அதுவரை வெளிநாடு என்றால் யாருடையதோ வீடு. பாரிஸ் என்பது பெரியப்பா வீட்டு ஹோலில் விரிக்கும் மெத்தை. ஜெர்மனி என்பது மாமி வீட்டுச் சோபா. அந்த வருடம் அப்பா, கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர் கொடுத்த தடித்த விளம்பரப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"இந்த முறை ஆற்றையும் வீட்டை போறேல்லை. கரவன் ஒண்டு எடுத்து எங்கட பாட்டில இருக்கிறம். எங்க எண்டு பிள்ளை சொல்லட்டும்."

"ஒருத்தரும் இல்லாத இடத்தில போய் என்ன செய்யிறது?" என்றார் அம்மா.

"அதுக்குப் பேர்தானப்பா ஹொலிடே."

நான் புத்தகத்தை ஒரு கிழமை பள்ளிப் பாடம்போலப் படித்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பிள்ளைகள். கடலோ மலையோ அல்ல, படத்தில் எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்றுதான் பார்த்தேன். பிரான்ஸின் மேற்குக் கரையில் வாந்தே என்றொரு பகுதி. அங்கே ஒரு பார்க்கில் நீல நிறச் சறுக்கு வளைந்து வளைந்து குளத்துக்குள் இறங்கியது. அதன் படிகளில் தலைக்குப் பின் தலையாகப் பிள்ளைகள். வரிசையின் கடைசியில் ஒருத்தி திரும்பி, எனக்காக இடம் பிடித்து வைத்திருப்பவள்போலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பெயரைச் சத்தமாக வாசித்ததும் அப்பா முகத்தைச் சுளித்தார். "வாந்தியோ? நல்ல காலம், சத்தி எண்டு பேர் வைக்காம விட்டாங்கள்." எங்கள் வீட்டில் வாந்திக்குச் சத்தி என்றுதான் பேர்.

"வாந்தே, அப்பா. வாந்தே!"

"எங்க போனனீங்கள் எண்டு ஆரும் கேட்டா, வாந்திக்குப் போனனாங்கள் எண்டோ சொல்லுறது?"

நான் சிரித்துச் சிரித்து விக்கினேன். அம்மா சிரிக்கவில்லை. கை ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, வரைபடத்தின் மேல் குனிந்தார்.

"அது நாந்திலயிருந்து எவ்வளவு தூரம்?"

நாந்த் நகரத்தில் அம்மாவின் தங்கை இருந்தார். எனக்குச் சித்தி. படத்தில் மட்டுமே பார்த்த சித்தி. வீட்டார் பேசிய மாப்பிள்ளையை வேண்டாமென்று, தனக்குப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொண்டார். கலியாணத்துக்கு ஒருவரும் போகக்கூடாது என்று ஊரிலிருந்து அம்மப்பா தொலைபேசியில் சொன்னார். மூத்த பிள்ளையான அம்மா போகவில்லை. அதன்பிறகு அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு விளங்கியது ஒரு சொல்தான்: கோபம்.

"காரில ஒரு மணித்தியாலம் வரும்" என்றார் அப்பா, அம்மாவைப் பார்க்காமல்.

"ஒரு மணித்தியாலம்தானோ?"

அம்மா குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் குழாய்ச் சத்தத்துக்கு நான் பொருள் சொல்லிக்கொண்டேன். எங்கள் வகுப்பில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டால் ஆசிரியை ஒருத்தியை ஜன்னலோரமும் மற்றவளைக் கதவோரமும் இருத்துவார். கோபத்துக்கு மருந்து தூரம். அம்மா பயப்படுகிறார் என்று நினைத்தேன். சித்தியை எங்காவது கடையிலோ கடற்கரையிலோ தற்செயலாகக் கண்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அம்மா புத்தகத்தை எடுத்து அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் எண்ணம் உறுதியாயிற்று.

பிறகு நான் சறுக்குகளைப் பார்க்கவில்லை. பள்ளியில் கோடு போடும் அடிமட்டத்தை நாந்தின் மேல் வைத்து, அங்கிருந்து எது மிகத் தூரம் என்று அளந்தேன். நாட்டின் மறு ஓரத்தில், ஜெர்மன் எல்லைப் பக்கம், வோஜ் என்றொரு மலைப்பகுதி இருந்தது. அங்கிருந்த பார்க்கின் படத்தில் பைன் மரங்கள், ஒரு ஏரி, ஏரிக்கரையில் நாற்காலி போட்டிருந்த ஒரு வயோதிபத் தம்பதி. பிள்ளைகள் இல்லை. வரிசையின் கடைசியில் நின்ற பெண்ணிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை அம்மா கறிக்குப் போடும் தூள் வறுத்தார். எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தும் செத்தல் மிளகாயின் காரம் படிக்கட்டு வரை ஏறிற்று. புகை அலாரம் கத்தியது. அப்பா கதிரையில் ஏறி நின்று துவாயால் அதற்கு விசிறினார். பக்கத்து வீட்டுக் கிழவி இருமிக்கொண்டே வந்து, எல்லாரும் உயிரோடுதானா என்று விசாரித்துவிட்டுப் போனார். நான் சட்டையால் மூக்கை மூடிக்கொண்டு குசினி வாசலில் நின்றேன். பெருஞ்சீரகம் பொரிந்துகொண்டிருந்தது. அம்மா குனிந்து மணந்து பார்த்தார். இன்னொரு பிடி அள்ளிப் போட்டார்.

"அப்பாவுக்குப் பெருஞ்சீரகம் கூடினாப் பிடிக்காதெல்லோ?"

"இது கொண்டுபோறதுக்கு" என்றார் அம்மா. அவர் கன்னம் சூட்டில் சிவந்திருந்தது. ஏதோ ஒரு பாட்டின் இரண்டு வரியைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அம்மா பாடி நான் அதிகம் கேட்டதில்லை.

இரவுச் சாப்பாட்டில் நான் முடிவைச் சொன்னேன். "வோஜ்."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. "எங்க, அந்தக் காட்டுக்கோ?"

"உனக்குச் சறுக்கீஸ் எல்லோ விருப்பம்?" என்றார் அம்மா.

"இல்லையம்மா. காடுதான் விருப்பம்."

"வடிவா யோசிச்சனியே?"

"ஓம். அது நல்ல தூரம். நாந்திலயிருந்து சரியான தூரம். நான் அளந்து பார்த்தனான்."

அம்மா என்னையே பார்த்தார். "இல்லைப் பிள்ளை, நான் என்ன நினைச்சனான் எண்டா…"

பிளேன் வந்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன. பழக்கப்படி மூவரும் காத்திருந்தோம். அது நெடுநேரம் இறங்கியது. சத்தம் ஓய்ந்த பிறகும் அம்மா விட்ட இடத்துக்குத் திரும்பவில்லை. தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அப்ப அங்கையே போவம்" என்றார்.

"வாந்தி நிண்டுட்டுது" என்றார் அப்பா. அன்று நானும் சிரிக்கவில்லை.

வோஜில் மழை பெய்தது. பைன் மரங்களிலிருந்து சொட்டும் நீர் கரவனின் தகரக் கூரையில் மழை விட்ட பிறகும் பெய்துகொண்டிருந்தது. மற்ற கரவன்களில் இருந்தவர்கள் எல்லாரும் ஓய்வூதியக்காரர்கள். என்னைக் கண்டால் தலையசைத்து, எனக்கு விளங்காத மொழியில் அன்பாக ஏதோ சொல்லிவிட்டு நாயோடு போய்விடுவார்கள். அப்பா ஷிப்ட் களைப்புத் தீர நித்திரை கொண்டார். ஊஞ்சல்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் நான் ஆடுவேன். மற்றது காற்றில் தானாக ஆடும்.

பார்க்கின் வாசலில் ஒரு தொலைபேசிக் கூண்டு இருந்தது. ஒரு நாள் மழை விட்ட நேரம் அம்மா அதற்குள் போவதை ஊஞ்சலிலிருந்து கண்டேன். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். ஒன்றும் பேசாமல் திரும்ப வைத்தார். மறுபடி எடுத்தார், வைத்தார். கண்ணாடிக்கு அப்பால் நிமிர்ந்தவர் என்னைக் கண்டு கையசைத்தார். நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று காட்ட, இன்னும் உயரமாக ஆடி, கையசைத்தேன். அம்மாவும் சிரித்தார். போன் பழுதாக்கும் என்று நினைத்தேன்.

திரும்பிவந்த அன்று அம்மா பயணப் பையின் அடியிலிருந்து தூள் பொதியை எடுத்தார். மூன்று பொலித்தீன் பைகளுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, வாய் கட்டி, மேலே ஒரு பூப்போட்ட கடதாசியும் சுற்றியிருந்தது. கட்டு அவிழ்க்கப்படவில்லை. கரவனில் சமைத்ததெல்லாம் போத்தலில் கொண்டுபோன பழைய தூளில். அம்மா கடதாசியைக் கிழியாமல் பிரித்து மடித்து வைத்துவிட்டு, தூளை வீட்டு டின்னுக்குள் கொட்டினார்.

நாந்துச் சித்தியை நான் முதன்முதலில் நேரில் கண்டது என் கலியாணத்தில். அம்மாவும் அவரும் இரண்டு விருந்தாளிகள் போலச் சுகம் விசாரித்துக்கொண்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் சித்தி கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, பெருஞ்சீரகத்தை வாயில் போட்டு மென்றார். சின்ன வயதிலிருந்தே இந்தப் பைத்தியம், கறியிலும் இது தூக்கலாக இருக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்தக் கோடையில் எனக்கு ஒன்பது வயது. புதுத் தூளில் முதன்முதலாக வைத்த மீன்குழம்பை வாயில் வைத்ததும் அப்பா நிமிர்ந்தார். "இதென்னப்பா, ஒரே பெருஞ்சீரகம்? ஆற்றை வீட்டுக் கறி இது?"

"கை தவறிக் கூடிப்போச்சு" என்றார் அம்மா.

கை தவறவில்லை என்பது எனக்குத் தெரியும். குனிந்து மணந்து பார்த்துவிட்டு அள்ளிப் போட்டதை நான் கண்டிருந்தேன். பிழை செய்துவிட்டு அம்மா மறைக்கிறார் என்று நினைத்தேன். காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு இந்தக் கறிதான் நல்ல விருப்பம் என்று சத்தமாகச் சொல்லி, அந்த டின் முடியும்வரை, ஒவ்வொரு முறையும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இந்த முறையும் அம்மாவை நான்தான் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பு எனக்கு.