அம்மா எழும்பி நிற்கச் சொன்னாள்

"...அதெல்லாம் இருக்கட்டும், ஒரு தடவ எழும்பி நில்லுங்க, எளைச்சிட்டீங்களான்னு பாக்கணும்" என்று குவைத்திலிருந்து அம்மா வீடியோ கோலில் அப்பாவிடம் சொன்னதும், போனைப் பிடித்திருந்த என் கை வேர்த்துவிட்டது. மஸ்கெலியாக் குளிரில் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கை வேர்ப்பது லேசான காரியமில்லை.

அப்பாவால் எழும்ப முடியாது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது சறுக்கி விழுந்து, வலது கால் தொடைவரை மாவுக்கட்டில் கிடந்தது. அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. "சொன்னா என்னா செய்வா? பாதியில வர விடமாட்டாங்க. அந்த வீட்டுல பாத்திரம் கழுவிக்கிட்டே அழுதுகிட்டு கெடப்பா" என்பது அப்பாவின் வாதம்.

எங்கள் லயத்து வீட்டுக்குள் சிக்னல் பேருக்கும் வராது. மேலே கோயில் வாசலுக்கு ஏறினால்தான் அம்மாவின் முகம் தெரியும். ஒரு ஞாயிறு தவறினாலும் சந்தேகப்படுவாள். ஆகவே மாமாவும் சித்தப்பாவும் அப்பாவைச் சிவப்பு பிளாஸ்டிக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். "போனுக்கு இடுப்புக்குக் கீழ கண்ணு கெடையாது, அந்த அளவுக்குப் புடி" என்று மாமா எனக்குச் சொல்லித் தந்திருந்தார். அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் அவர். தங்கையை ஏமாற்றுவதில் அவர்தான் முன்னுக்கு நின்றார்.

"என்னங்க, ராசா மாதிரி உக்காந்தே இருக்கீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். படத்துக்கு வெளியே குந்தியிருந்த மாமாவும் சித்தப்பாவும் கதிரைக் கால்களைப் பிடித்து மெல்ல உயர்த்தினார்கள். திருவிழாவில் சாமி தூக்கிப் பழகிய கைகள், துளி ஆட்டமில்லை. திரையில் அப்பா எழும்பினார். முதுகுக்குப் பின்னால் சிவப்புக் கதிரையும் கூடவே எழும்பியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாத்தியா, தூணு மாதிரி இருக்கேன்" என்றார் அப்பா.

அம்மா திரைக்குக் கிட்ட வந்து அப்பாவின் முதுகுப்பக்கம் உற்றுப் பார்த்தாள். பிறகு, "நல்லா இருக்கீங்க. மெதுவா எறக்குங்கண்ணே" என்றாள்.

மாமாதான் படத்திலேயே இல்லையே, யாரை அண்ணே என்கிறாள் என்று நான் முழிக்கும்போதே திரை கறுத்துவிட்டது. சிக்னல் போய்விட்டதென்று போனை உயரத் தூக்கிப் பிடித்தேன். அம்மாவோ அந்தப் பக்கம் கெமராவைக் கையால் பொத்திக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி, "படமே வரல, அங்க மழையா?" என்று கேட்டாள்.