ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்

நெடுமாறன் மில்லில் தறி ஓட்டியவர். விருப்ப ஓய்வு கொடுத்து ஆட்களை அனுப்பியபோது கூட வந்தவர்களில் ஒருவர் ஆட்டோ வாங்கினார், ஒருவர் சேதராப்பட்டில் கம்பெனி வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். இவர் மனை வாங்கினார். விழுப்புரம் சாலையில் ரெட்டியார்பாளையம் தாண்டி, மல்லாட்டைக் கடலை விளைந்துகொண்டிருந்த ஒரு கொல்லையைத் தெய்வசிகாமணி என்ற தரகர் கடை மனைகளாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஊர் அந்தப் பக்கம் வளரும் என்று எல்லோரும் சொன்ன காலம்.

அந்த மனைப்பிரிவில் ஒன்பதாம் எண் என் மைத்துனருடையது. அவர் பிரான்சில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு முறை போய் மூலைக்கல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நெடுமாறனை அப்படித்தான் தெரியும்.

மனை விற்கிறவர்கள் எட்டாம் எண் போடமாட்டார்கள். எட்டு சனியின் எண், வாங்க ஆள் வராது. ஏழுக்கு அடுத்தது ஒன்பது, அல்லது ‘ஏழு ஏ’. தெய்வசிகாமணியின் வரைபடத்திலும் எட்டு இல்லை. மற்றவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. சாமியும் சாத்திரமும் இல்லை என்று மேடை மேடையாகக் கேட்டு வளர்ந்த நெடுமாறன் கவனித்தார்.

“எட்டு எங்க?” என்று கேட்டிருக்கிறார்.

“எட்டா? எட்டு வேணும்னு கேக்கற மொத ஆளு நீங்கதாண்ணே.”

“இருந்தா குடு. இல்லன்னா போடு.”

தரகர் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில், சாலையோரமாகவே ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார். விலையும் குறைத்தார். முன்பக்க மனை பாதி விலைக்குக் கிடைத்தது. மூடநம்பிக்கைக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நெடுமாறன் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அவர் மனைவி கமலா சிரிக்கவில்லை.

“ஏங்க, அத்தன நம்பர் இருக்குது. ஒங்களுக்கு எட்டுதான் கண்ணுல பட்டுதா?”

“ஏன், நம்பர் கடிக்குமா?”

“கடிக்கட்டும், அப்பறம் பேசுவோம்.”

பத்திரம் பதிந்து சில வாரங்களில் கமலா மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். மகள் சிவசங்கரி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். சாவுக்கு வந்தவர்கள் நெடுமாறனின் காது படவே பேசினார்கள். எட்டு எடுத்துக்கொண்டது என்றார்கள். கருமாதி முடிவதற்குள் அது ஊருக்குத் தெரிந்த காரணமாகிவிட்டது.

அதற்குப் பிறகு அந்த இரண்டு குழி நிலத்தை, ஆயிரத்து நூற்றுச் சொச்சம் சதுர அடியை, விற்க அவர் சம்மதித்ததில்லை. நல்ல விலைக்கு ஆள் வந்தும் திருப்பி அனுப்பினார். மனைப்பிரிவு முழுவதும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஒருவரும் கட்டவில்லை, வாங்கியவர்கள் எல்லாம் விலை ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். நெடுமாறன் மட்டும் தன் மனையை வெட்டித் துப்புரவாக வைத்து, கல்லுக்குக் கல் கம்பி கட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அங்கே போய்க் குடையை விரித்துக்கொண்டு உட்காருவார்.

ஒரு முறை நான் கல் பார்க்கப் போனபோது முள்ளுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. யாரோ அவரோடு இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

“சும்மா இரு கமலா,” என்றார். “பன்னெண்டு பேரு வாங்குனான். எட்டு வாங்காதவன் வூட்ல யாரும் சாவலயா? போன மாசம் அஞ்சாம் நம்பர் காத்தவராயன் செத்தான். அவனுக்கு என்ன சொல்லுவ?”

கொஞ்ச நேரம் நிறுத்தினார், எதிர்ப்பக்கம் பதில் சொல்ல இடம் விடுகிறவரைப் போல. பிறகு, “அது வேற,” என்றார், முனகலாக.

நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். ஆவி இல்லை என்று வாதாடுவதற்கு ஒருவர் ஆவியையே எதிரில் உட்கார வைத்திருந்தார். அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. வெயிலில் அந்தக் காலி நிலமும் எனக்குக் காலியாகத் தெரியவில்லை.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில், கட்டடம் எழும்பாமல் கிடக்கும் வணிக நிலங்களைப் பிரிப்பதற்கான விதிகளை அரசு மாற்றி எழுதிவிட்டது என்று செய்தி வந்தது. அனுமதி வாங்காமல் முன்பு பிரித்த மனைகளையும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகப் போதுமான அகலத்தில் ஒரு வழி இருக்க வேண்டும். அந்த வழியை உரிமையாளர்கள் நகரத்துக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மனைகளில் கட்ட முடியாது. மோசமான விதி என்று சொல்லமாட்டேன். மனிதர்கள் வழியை மறந்துவிட்டு நிலத்தைப் பங்கு போடுவார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு எழுதியிருந்தார்கள்.

ஏழாம் எண்ணின் சொந்தக்காரர் நாராயணசாமி. டைல்ஸ் கடை போடத் துடித்துக்கொண்டிருந்தவர். அவர் முயற்சியில் முள் வெட்டப்பட்டு, அளவையாளர் ஒருவர் வந்தார்; மனைக்காரர்களோடு மைத்துனருக்காக நானும் போயிருந்தேன். அளவையாளர் முன்பக்கத்தை ஒரு முறை அளந்தார். கையிலிருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

“வழி எங்கங்க?”

“இதான்,” என்று நாராயணசாமி கம்பி கட்டிய இடத்தைக் காட்டப்போய், கையைப் பாதியில் இறக்கினார். “இல்ல, இது அண்ணன் மனை.”

“அப்ப வழி?”

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேலியில்லாத நிலத்தில் எல்லாப் பக்கமும் வழிதான். இத்தனை வருடம் யாரும் தேடவில்லை. நெடுமாறனுக்கு முன்பே வாங்கியவர்களின் பத்திரங்களில் எல்லை சொல்லும் இடத்தில் ‘முப்பது அடி பொதுவழி’ என்று இருந்தது. அந்தப் பொதுவழியின் வாயைத்தான் தெய்வசிகாமணி கட்டம் போட்டு எட்டு என்று விற்றிருந்தார். கேட்க அவரும் உயிரோடு இல்லை.

நெடுமாறன் கம்பியைப் பிடித்தபடி நின்றார். “அப்ப எட்டுன்னு ஒண்ணு இல்லவே இல்லியா?” என்று அளவையாளரிடம் கேட்டார்.

“பத்திரத்துல இருக்குது. தரையில இல்ல.”

வழக்குப் போட்டால் யாருக்கும் நன்மையில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாராயணசாமி வீட்டு மாடியில் கூடினோம். வழிக்கு வலப்பக்க வரிசையில் மனை வைத்திருந்தவர்கள் பின்னால் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அதே இரண்டு குழியில் ஒரு மனை ஒதுக்குவது, நெடுமாறன் எட்டை வழிக்காகத் தானம் எழுதுவது என்று பேசி முடித்தார்கள். என் மைத்துனரும் தொலைபேசியில் சரி என்றார். மனைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. அனுமதி வாங்கப்போகும் புதிய படத்தில் எட்டு என்ற எண் வரக் கூடாது.

“ஏழு ஏ-ன்னு போட்டுக்கலாம்ணே,” என்றார் நாராயணசாமி. “எட்டுன்னு போட்டா பக்கத்து மனைக்குக்கூட வாடகைக்கு எவனும் வரமாட்டான்.”

“எட்டுன்னு போட்டாத்தான் கையெழுத்து.”

“ஒங்க கொள்கைக்கு நாங்க கடை தொறக்காம ஒக்காரணுமா?”

“ஒங்க பயத்துக்கு நான் பேர மாத்திக்கணுமா?”

அதோடு கூட்டம் முடிந்தது. நெடுமாறன் சொன்னதில் நியாயம் இருப்பதாக அன்று நினைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் அந்த நினைப்பு தேய்ந்துவிட்டது.

மறு வாரம் நாராயணசாமி என்னையும் அழைத்துக்கொண்டு நெடுமாறன் வீட்டுக்குப் போனார். சிவசங்கரி வந்திருந்தாள். அவள் சேதராப்பட்டில் வேலைக்குப் போகிறாள். கணவர் இராமதாசுக்குச் செல்போன் ரீசார்ஜ் கடை ஒன்று வைக்க வேண்டும், அதற்கு அந்த மனைதான் இருந்தது. நாங்கள் உட்காருவதற்குள் அப்பாவும் மகளும் பேச்சின் நடுவில் இருந்தார்கள்.

“ஏழு ஏ-ன்னு எழுதுனா, ஒங்கம்மா எட்டாலதான் செத்தான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி,” என்றார் அவர்.

“எட்டுன்னு ஒண்ணு இல்லன்னுதான் அளந்துட்டுப் போயிட்டாங்களேப்பா. இல்லாதது எப்படிக் கொல்லும்?”

“அதத்தான நான் இத்தன வருஷமா சொல்றேன்.”

“யாருக்குச் சொல்றீங்க?”

சிவசங்கரி எங்களைப் பார்த்தாள். எழுந்து போகச் சொல்வாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“பத்திரம் பதிஞ்ச அன்னிக்கே அம்மா, ‘ஒடம்பு முடியலங்க’ன்னு சொன்னாங்க. நான் பக்கத்துலதான் படிச்சிட்டிருந்தேன். நீங்க சிரிச்சீங்க. ‘என்னா, எட்டு புடிச்சிக்கிச்சா’ன்னீங்க. மனைய திருப்பிக் குடுக்க வைக்கறதுக்கு நடிக்கறாங்கன்னு நெனச்சீங்க. அடுத்தடுத்த நாளும் சொன்னாங்க. கண்ணு மஞ்சளான பிறகுதான ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனீங்க?”

நாராயணசாமி வாசலில் விட்ட தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எட்டு கொல்லலப்பா. எனக்குத் தெரியும். நீங்க நம்பல. அவ்வளவுதான்.”

தெருவில் கோலமாவு விற்கிறவர் கூவிக்கொண்டு போனார். நெடுமாறன் முகத்தில் நான் பார்த்தது அதிர்ச்சி இல்லை. தெரியாத ஒன்றைக் கேட்டவரின் முகம் அப்படி இருக்காது. இத்தனை வருடம் ஊரோடு அவர் போட்ட சண்டை அவருக்கு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. எட்டு குற்றவாளியா இல்லையா என்று ஊர் பேசிக்கொண்டிருந்தவரை வேறு யாரையும் யாரும் விசாரிக்கவில்லை.

“ஏழு ஏ-ன்னே போடுங்க,” என்றார் கடைசியில். “இவ பேருக்கு எழுதிடுங்க.”

பதிவு அலுவலகத்தில் தானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். வெளியே வரும்போது நாராயணசாமி சந்தோஷம் தாங்காமல் என் காதில், “கருப்புச் சட்டைக்கும் பயம் வந்துடுச்சு பாத்தீங்களா,” என்றார். நெடுமாறனுக்கும் கேட்டிருக்கும். முன்பு என்றால் அந்த ஒரு வார்த்தைக்கு அரை மணி நேரம் பேசியிருப்பார். படியில் இறங்கிப் போய்விட்டார். கையெழுத்துப் போட்டதை நான் பெருந்தன்மை என்று எழுதமாட்டேன். மகளுக்குச் சேர வேண்டியது மகளுக்குச் சேர்ந்தது. தாமதமாக.

வழி போட்டுத் தார் ஊற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை அங்கே பார்க்க முடியவில்லை. பேச்சு நின்றுவிட்டதா, வீட்டுக்கு இடம் மாறிவிட்டதா என்று நான் கேட்கவில்லை. சிவசங்கரி ஒரு முறை தானாகச் சொன்னாள்: “இப்பல்லாம் அப்பா ராத்திரில எழுந்து ஒக்காந்துக்கறாரு. எதிர்த்துப் பேசறதில்ல. ‘சரி, சரி’ன்னு மட்டும் சொல்லிக்கினு இருக்காரு.”

கடை திறந்த அன்று போயிருந்தேன். சின்னக் கடைதான். இராமதாஸ் மாலையோடு கமலாவின் படத்தை மாட்டிக்கொண்டிருந்தார். சிவசங்கரி காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தவள், வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்தாள்.

“என்னாம்மா?”

“ஒண்ணுமில்லப்பா. லேசா தலவலி.”

நெடுமாறன் கையிலிருந்த டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே போனார். புதுத் தார் வழியில் நெடுஞ்சாலைவரை ஓடியே போனார். அந்த வயதில் ஓடக் கூடாது. திரும்பும்போது ஓர் ஆட்டோவின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

“ஏறும்மா.”

“அய்யோ, தலவலிப்பா. வெயில்ல நின்னது. மாத்திர போட்டா போயிடும். கடைல எத்தன பேரு ஒக்காந்திருக்காங்க பாருங்க.”

“ஏறும்மா.”

வந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். இராமதாஸ் சங்கடத்தோடு மாமனாரைப் பார்த்தார். நெடுமாறன் யாரையும் பார்க்கவில்லை. ஆட்டோவின் கம்பியைப் பிடித்த கையை விடவில்லை. ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தலாமா என்று கேட்டார். “நிறுத்தாத,” என்றார்.

சிவசங்கரி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.