தோபி துணிக்குப் போடுகிற கொட்டை

என் மனைவியின் விரல்கள் பட்டுநூலைப் பிடித்து இழுக்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் வீட்டில் சலவைத்தூள் ஒரு பேசுபொருளானது. அதுவரை அது குளியலறை மூலையில், எந்தக் கட்சியிலும் சேராமல் சும்மா கிடந்தது.

அவள் கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறவள். மரச்சட்டத்தில் துணியை விறைப்பாகக் கட்டி, மேலே ஒரு கை கொக்கி ஊசியால் குத்த, கீழே இன்னொரு கை நூலை ஊட்டிக்கொண்டே இருக்கவேண்டும். கீழ்க்கை விரல்களில் தோல் வெடித்து, பட்டு இழை அந்த வெடிப்புகளில் போய்ச் சிக்கியது. சிக்கிய இழை பிரிந்தது. பிரிந்த இழையில் போட்ட மயில், மழையில் நனைந்த கோழி மாதிரி இருந்தது. சட்டத்தில் இருந்ததோ ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கல்யாணப் பெண் ஒருத்தியின் ரவிக்கை. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

தோல் மருத்துவர் அவள் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சோப்பு பவுடர் முட்டபேடி அம்மா” என்றார். தமிழில் மாடு செய்கிற காரியம், கன்னடத்தில் வெறுமனே தொடுவது. சலவைத்தூளைத் தொடாதீர்கள் என்கிறார். எனக்கு இந்த மைசூரில் பாதி வாழ்க்கை இப்படித்தான் போகிறது: வார்த்தை தெரியும், விஷயம் வேறாக இருக்கும்.

வீட்டில் துவைக்கும் இயந்திரம் உண்டு. ஆனால் என் சட்டைக் காலர்களை அதனால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. நான் வெள்ளைச் சட்டை மட்டுமே போடுகிற ஆள். அது எனக்கு ஒரு சிந்தனையாளனின் களையைத் தருகிறது என்று இளவயதிலிருந்தே நம்பிவந்தேன். பேருந்தில் என்னை வட்டச் செயலாளர் என்று நினைத்து இடம் கொடுத்தவர்கள் உண்டு. சிந்தனையாளன் என்று யாரும் எழுந்ததில்லை. அந்தக் காலர்களின் உள்மடிப்பில் படிகிற அழுக்கு, சலவைத்தூளைக் குழைத்துத் தடவிக் கையால் தேய்த்தால்தான் போகும். தேய்த்தவள் அவள்.

இதற்கு ஒரு எளிய தீர்வு இருந்தது. காலர்களை நானே தேய்த்துக்கொள்ளலாம். வீட்டில் இருந்த இரண்டு பேருக்குமே அது தோன்றியது. ஆனால் நான் நாலு புத்தகம் படித்தவன். இன்னும் சிக்கலான தீர்வு ஏதாவது இருக்கும் என்று தேடினேன்.

பூந்திக்கொட்டை கிடைத்தது. அதாவது, அதைப்பற்றிய தகவல் கிடைத்தது. அதன் தோலைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினால் நுரை வரும், பட்டுக்கும் கைக்கும் கெடுதல் இல்லை, துவைத்த தண்ணீரைச் செடிக்கே ஊற்றலாம். சீயக்காய்க்கு இது ஒருவிதத்தில் பங்காளி என்று, அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது விளக்கினேன். அதன் லத்தீன் பெயரையும் சொன்னேன்.

அவள் பிறந்த ஊர் கொள்ளேகால். அந்தப் பக்கத்துத் தமிழில் மரியாதை எப்போதும் இருக்கும். எந்தப் பக்கம் கூர்மையாக இருக்கிறது என்றுதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“ஏனுங்க, கொட்டையை வாங்கியாந்தா யாருங்க தேய்க்கிறது?”

“நீதான். ஆனால் வலிக்காது.”

“பெரிய மனசுங்க உங்களுக்கு.”

மறுநாள் தேவராஜ மொஹல்லாவுக்குப் போனேன். மார்க்கெட்டை ஒட்டிய நாட்டு மருந்துக் கடையில் நின்றபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தக் கொட்டைக்குத் தமிழ்ப் பெயர் தெரியும், லத்தீன் பெயர் தெரியும், கன்னடப் பெயர் தெரியாது. ஒரு முயற்சியாக “பூந்திக் காயி” என்றேன். கடைக்காரர் பெருந்தன்மையோடு எதிர்வரிசை இனிப்புக் கடையைக் கைகாட்டினார்.

கைப்பேசியில் படம் தேடிக் காட்டியிருக்கலாம். இத்தனை வருஷம் மைசூரில் இருந்துவிட்டு ஒரு கொட்டைக்காகப் படம் காட்டுவதா என்று ஒரு ரோஷம். என் கன்னடத்தைத் திரட்டிக்கொண்டு சுற்றிவளைத்துச் சொன்னேன்: “தோபி பட்டெகெ ஹாக்தானல்ல, ஆ பீஜ.” தோபி துணிக்குப் போடுவானே, அந்தக் கொட்டை. இலக்கணப்படி பிழையே இல்லாத வாக்கியம். இன்றைக்கும் எனக்கு அதில் பெருமை உண்டு.

கடைக்காரர் முகம் மலர்ந்தது. “ஓ, கேரு பீஜனா? ஈகெல்லா யாரூ கேளல்ல சார்.” இப்போதெல்லாம் யாரும் இதைக் கேட்பதில்லையாம். ஒரு டப்பாவின் அடியிலிருந்து அள்ளி எடுத்தார். நான் படித்ததில் பழுப்பு நிறம், சுருங்கிய தோல். இது கறுப்பாக, பளபளவென்று, இதய வடிவில் இருந்தது. பழைய சரக்கு போலிருக்கிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

“ஹுஷாரு சார், கைகெ தாகபாரது.” கவனம், கையில் படக்கூடாது.

“நன் ஹெண்டதி கைகோஸ்கரானே தகொள்தாயிரோது” என்றேன் நான். என் மனைவியின் கைக்காகத்தான் வாங்குகிறேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை, ஏதோ குடும்பப் பாசத்தைக் கண்டு நெகிழ்ந்த பார்வை என்று எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

முதல் துவையலை நானே ஆரம்பித்துவைப்பது என்று முடிவு செய்தேன். திறப்புவிழா செய்வதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. அவளுக்காக வாங்கி, நூல் பிடிபடவில்லை என்று அவள் கழற்றிப் போட்டிருந்த ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டு கொட்டைகளை இடித்தேன். கறுப்பாக எண்ணெய் கசிந்தது. நுரை எங்கே என்று ஒரு சந்தேகம் வந்தது. ஊறினால் வரும் என்று அதையும் தள்ளிவைத்தேன். ஒரு துணியில் முடிந்து, வெந்நீரில் போட்டு, இருந்த வெள்ளைச் சட்டைகள் அத்தனையையும் அதற்குள் அமுக்கினேன். முதலில் ஒரு சட்டையை மட்டும் போட்டுப் பார்ப்பது என்ற யோசனை ஆராய்ச்சியாளர்களுக்குத்தான் வரும்.

காலையில் அவள் முந்திக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

“ஏனுங்க, இங்க வாங்க. எதையும் தொடாதீங்க. வந்து மட்டும் நில்லுங்க.”

சட்டைகளில் காப்பி நிறத்திலும் கரி நிறத்திலும் வட்டங்களும் தீவுகளும் பரவியிருந்தன. சில இடங்களில் அழகாகக்கூட இருந்தன.

“இது சேங்கொட்டைங்க. துணி யாரோடதுன்னு தெரியறதுக்கு தோபி மூலையில குறி வெப்பாங்களே, அந்தக் கொட்டை. செத்தாலும் போகாது. எங்க ஊருப் பக்கம் இத வெறுங்கையில தொடமாட்டாங்க, பொத்துப் போயிரும்.”

“நானும் தோபி துணிக்குப் போடுகிற கொட்டை என்றுதான் கேட்டேன்” என்றேன்.

“அதத்தான் குடுத்திருக்காரு பாவம்.” பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தாள். கையுறை முடிகிற இடத்தில் ஒரு கறுப்புத் திட்டும், அதைச் சுற்றிக் கொப்புளமும் எழும்பியிருந்தன. “நானு இதக் கைல எடுத்துத் தேய்ச்சிருந்தா, அந்தப் பொண்ணு சுடிதார்லதான் மணவறையில ஒக்காந்திருக்கோணும்.”

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் அந்தக் கணத்தில் வேடிக்கையாக ஒன்றும் தோன்றவில்லை. அவள் சொன்னது அப்படியே நடந்திருக்கக்கூடியது.

தோல் மருத்துவர் என் மணிக்கட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். கதையைக் கேட்டுவிட்டு, மருந்து எழுதுகிற சாக்கில் ரொம்ப நேரம் தலையைக் குனிந்தே இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

சட்டைகள் எதுவும் தேறவில்லை. கட்டியிருந்த வேட்டியோடும் பனியனோடும் அலுவலகம் போக முடியாததால், போகிற வழியில் இருந்த கடையில் நுழைந்து கிடைத்ததை எடுத்தேன். அரக்கு, கருநீலம், கட்டம் போட்ட ஒரு பாசிப்பச்சை. அப்போதுதான் இயற்கையின் ஒரு பெரிய உண்மை எனக்குப் புலப்பட்டது: கருநீலக் காலரில் அழுக்கு இருக்கிறது, ஆனால் தெரிவதில்லை. இயந்திரம் துவைத்துக் கொடுத்ததை அப்படியே போட்டுக்கொள்ளலாம். தேய்ப்பதற்கு யாருக்கும் எதுவும் இல்லை.

அசல் பூந்திக்கொட்டையையும் பிறகு வாங்கினாள். அவள்தான் போனாள். அண்டுவாளக்காயி என்று கன்னடத்தில் கேட்டு, கையோடு வாங்கி வந்துவிட்டாள். அந்தச் சாறு பழுப்பாக, லேசான புளிப்பு வாடையோடு இருக்கிறது. நுரை கஞ்சத்தனமாகத்தான் வரும். வெள்ளையை வெளுக்கும் திறமை அதற்கு இல்லவே இல்லை. சரியான கொட்டையே வாங்கியிருந்தாலும் என் காலர்கள் மங்கித்தான் போயிருக்கும். பட்டுத் துணியை அலசுவதற்கு மட்டும் அவள் அதை வைத்துக்கொண்டாள்.

விரல் வெடிப்புகள் மெல்ல மூடின. ஒரு சாயங்காலம் அவள் சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து, பட்டுநூலின் நுனியை விரலில் சுற்றி மெதுவாக உருவிப் பார்த்தாள். எங்கும் நிற்காமல் வந்தது. இன்னொரு முறை உருவினாள். பிறகு கோழியாகிப் போயிருந்த மயிலை முழுக்கப் பிரித்துப் போட்டுவிட்டு, கழுத்திலிருந்து தொடங்கினாள்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பெண்ணின் அம்மா வந்தார். ரவிக்கையை வெளிச்சத்தில் பிடித்து, தையலை நகத்தால் நெருடி, “சொல்ப்ப லேட்டு, ஆதரெ சென்னாகிதெ” என்றார். கொஞ்சம் தாமதம், ஆனால் நன்றாக இருக்கிறது. போகும்போது வாசலில் பாசிப்பச்சைக் கட்டச் சட்டையில் நின்றிருந்த என்னைக் கண்டு, என் மனைவியிடம் குரலைத் தாழ்த்தி, இவர் வீட்டு ஓனரா என்று கேட்டார்.

“இல்லைங்க” என்றாள் அவள். “இங்கதான் இருக்காரு.”